ஒரு மில்லி வள்ளல்கள்

கல்யாண வீட்டுக்கு வாழ்த்து மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மைக்கில் வாசித்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை படித்த படிப்பு, பெண் வாங்கிய மார்க்கு, இரண்டு வீட்டுத் தாத்தாமாரின் நிலபுலம் எல்லாம் அதில் வந்துவிடும். மாப்பிள்ளையின் அம்மாவுடைய கன்னத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி வந்ததில்லை. இது அநியாயம். அன்றைய மேடையில் உயிரைப் பணயம் வைத்து நிற்பவர் அவர் ஒருவர்தான். மாப்பிள்ளை வெறுமனே தாலிதான் கட்டுகிறான்.

ஆகவே அந்த அம்மாவையும், அவருக்கு அந்தக் கன்னத்தை அருளிய ஊசிக்காரர்களையும் வாயாரப் புகழ வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அம்மாவுக்குப் பெயர் வேண்டாம். நம் குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை எல்லா ஊரிலும் அவர் இருக்கிறார். வயது 58 என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பிராயத்தில் மூட்டுக் காய்ச்சல் கண்டு, இதய வால்வு கெட்டு, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர். அன்று முதல் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை. அளவு சரிதானா என்று பார்க்க அவ்வப்போது ஐ.என்.ஆர். சோதனை. அந்தச் சோதனைக்குக் கூப்பிட்டால், "நரம்பு கிட்டாது மக்கா, குத்திக் குத்திக் கையெல்லாம் வீங்கிப் போகுது, அடுத்த மாசம் பாப்போம்" என்பார். அதே அம்மாதான் மகன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முகத்தில் எட்டு இடத்தில் குத்துவாங்க, கொஞ்சமும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். வேணாட்டுப் படையில்கூட இப்படி ஒரு நெஞ்சுரத்தைப் பார்த்திருக்க மாட்டோம். (முகத்தைச் சுளிக்கவே முடியாமல் செய்வது போடாக்ஸ். அது வேறு ஊசி, வேறு பில்.)

அவர் வாங்கிக்கொண்ட பொருளுக்கு ஃபில்லர் என்று பெயர். ஹையலூரானிக் அமிலத்தில் செய்த பசை. அமிலம் என்றதும் அஞ்ச வேண்டாம், நம் தோலிலும் மூட்டிலும் கண்ணுக்குள்ளும் ஏற்கெனவே இருப்பதுதான். 1934ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள், சைவக்காரர்களுக்கும் தடையில்லை. 2003 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை இந்த வகையில் முதலாவதாக ரெஸ்டிலேனுக்கு அனுமதி கொடுத்தது. ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லி இருக்கும்; சின்னத் தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த விலைக்கு ஒரு வருஷத்து அசிட்ரோமும் வாங்கி, மிச்சத்தில் பெண் வீட்டாருக்கு மறுவீட்டுப் பலகாரமும் செய்யலாம். ஆனால் அசிட்ரோம் சாப்பிட்டு ஆல்பத்தில் யாரும் அழகாக விழுந்ததில்லையே. குமரியம்மன் மூக்குத்தி ஒளியில் கப்பலே திசை தப்பிப் போனதாகக் கதை சொல்லும் ஊர் இது. அம்மனுக்கு ஒரு மூக்குத்தி போதுமாக இருந்தது. நாம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம்.

இந்தத் துணிச்சலுக்கு முன்னோடிகளும் உண்டு. 1900ஐ ஒட்டி வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற மருத்துவர் பாரஃபினை உடம்புக்குள் ஏற்றிக் குறைகளை நிரப்பிக் காட்டினார். ஐரோப்பா மயங்கிவிட்டது. கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி, பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டியானவர், கிரேக்கச் சிலையின் மூக்கு வேண்டுமென்று இருபது வயதை ஒட்டி மூக்குத் தண்டில் பாரஃபின் ஏற்றிக்கொண்டார். அது இருந்த இடத்தில் இருக்காமல் தாடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. கிரேக்கச் சிலைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் ஊசிக்காரர்களுக்கு வருவோம். முகத்துக்கு ஆவி பிடிக்கும் அறைக்கு அடுத்த அறையில் நீலக் கையுறை போட்டு நிற்கிறார்களே, அவர்களுக்கு. முதலில் மெச்ச வேண்டியது அவர்களுடைய நாகரிகத்தை. வந்தவரிடம் "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு மனசை நோகடிப்பதில்லை. இளமையை வாங்க வந்தவரிடம் நோயை விசாரிப்பது முறையா? ஆனாலும் காகிதம் என்று ஒன்று வேண்டும் அல்லவா, அதற்காக ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். நாலு பக்கம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின், அபிக்சபான் எல்லாம் மூன்றாம் பக்கத்தில் வரிசையாக நிற்கும். ரத்தக் கசிவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று கருதப்படும் மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டுச் சத்து ஆகியவையும் அங்கேயே இருக்கும். அம்மாவோ கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பெண்பிள்ளை விரல் வைத்துக் காட்டக் காட்டக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறார்.

நம் அம்மா ஒளிவு மறைவு தெரியாதவர். கேட்காமலே சொல்லிவிட்டார்.

"எம்மோ, எனக்கு வால்வு வச்சிருக்கு. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை திங்கேன், பாத்துக்கிடுங்க."

"அது ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. ஒரு வாரம் அத விட்டுட்டு வாங்க. இல்லேன்னா கன்னம் கருநீலமா ஆயிரும், ஆல்பத்துல நல்லா இருக்காது."

"திருவனந்தபுரம் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்கண்டாமா?"

"அவருக்கு எதுக்கு ஆன்ட்டி தொந்தரவு? அந்த மாத்திரை எலி மருந்துதான."

எலி மருந்து என்றது பொய்யில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1933ல் பனி கொட்டிய ஒரு நாள், செத்த மாட்டையும் ஒரு பால்கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு விவசாயி கார்ல் லிங்கின் ஆய்வகத்துக்கு வந்தார். மாடு தின்றது பூஞ்சை பிடித்த தீவனப் புல். அதிலிருந்த சரக்கைப் பிரித்தெடுக்க லிங்கின் கூட்டத்துக்குப் பல வருஷம் பிடித்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954ல் மனிதருக்கும் மருந்தானது. மறுவருஷம் நெஞ்சுவலி கண்ட அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். நம் அசிட்ரோம் அதற்குத் தம்பி முறை. இவ்வளவு கதையில் ஊசிக்காரர் எலியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார். தேவையானதை மட்டும் படிப்பவர்கள்தான் சீக்கிரம் முன்னுக்கு வருவார்கள்.

"ஒரு வாரம் விட்டுட்டு வாங்க" என்ற வாக்கியத்தின் அருமை தெரிய வேண்டுமானால், அம்மாவின் நெஞ்சில் இருக்கும் சாமானின் வரலாறு தெரிய வேண்டும். வெளிநாட்டு வால்வை விலை கொடுத்து வாங்க வழியில்லாத நம்மைப் போன்ற சனங்களுக்காக உள்ளூரிலேயே ஒன்று செய்துவிட வேண்டும் என்று ஸ்ரீசித்திராவில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவருடைய பொறியாளர்களும் 1970களில் இறங்கினார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒவ்வொரு தோல்விக்கும் உலோகத்தை மாற்றி, தட்டை மாற்றி, மறுபடி தொடக்கத்திலிருந்து வந்தார்கள். நாலாவது மாதிரிதான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கு மேல் வைத்தாகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான் என்பதால் நம் மாவட்டத்து நெஞ்சுகள் பலவற்றில் அந்தத் தட்டு இன்றைக்கும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

இத்தனை செய்தவர்களாலும் ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. உலோகக் கூட்டை ரத்தம் வேற்றாளாகவே பார்க்கும், அதன்மேல் கட்டியாகப் படியப் பார்க்கும். படிந்த கட்டி வால்வையே பூட்டிவிடலாம்; பிய்த்துக்கொண்டு போனால் மூளைக்குப் போகும். ஆகவே ஆயுள் முழுக்க மாத்திரை. மிட்ரல் வால்வு என்றால் ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். புதிய தலைமுறை மாத்திரைகளாவது உதவுமா என்று செயற்கை வால்வுக்காரர்களிடம் டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வையும் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. உலகத்து இதய மருத்துவர்கள் எல்லாம் முட்டிமோதி நிற்கும் அந்தச் சுவரை, நம் ஊசிக்காரர் நாலே சொல்லில் தாண்டிவிட்டார். வலியத்தான் 2024ல் காலமானார். இந்தச் சுருக்குவழியைக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கணக்குப் பார்ப்பவர்களுக்காக: மாத்திரையே இல்லாமல் செயற்கை வால்வோடு இருக்கும் நூறு பேரில் வருஷத்துக்குச் சுமார் நாலு பேருக்குக் கட்டி பெயர்ந்து பெரிய சேதம் வருகிறது, மாத்திரை சாப்பிட்டால் அது ஒன்றாகக் குறைகிறது என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நாலை 52 வாரத்துக்கு வகுத்தால் சின்ன எண்தான் வரும். ஊசிக்காரரின் தைரியத்துக்கு அந்த வகுத்தல் ஆதாரம். ஆனால் வாரம் ஒன்றோடு முடிவதில்லை. ஊசி போட்ட அன்றைக்கே மறுபடி மாத்திரையைத் தொடங்கினாலும் அன்றைக்கே ரத்தம் கேட்டுவிடாது, ஐ.என்.ஆர். பழைய நிலைக்கு வரப் பல நாள் பிடிக்கும். அதற்குள் பந்தல்கால் நடும் நாள் வந்துவிடும். கல்யாண வீட்டு வெப்ராளத்தில் மாத்திரை டப்பா எந்தப் பெட்டியில் போயிற்றோ, யாருக்குத் தெரியும். சோதனைக்குப் போக நேரம் இல்லவே இல்லை.

ஆண்களையும் விட்டுவிடவில்லை. துணைக்கு வந்த வீட்டுக்காரர், ஆறு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர், கண்ணுக்குக் கீழே பள்ளமாக இருக்கிறது என்று தானும் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு மாத்திரை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். ஆஸ்பிரின் தொட்ட ரத்தத் தட்டணு சாகிறவரை பழைய குணத்துக்குத் திரும்பாது. புதிய தட்டணு பிறந்து வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆக அவருக்கும் ஒரு வாரம் லீவு. புதிதாக வைத்த ஸ்டென்டுக்குள் கட்டி பிடித்தால் அது மாரடைப்பாகத்தான் வரும் என்று சொல்லி மனுஷனைப் பயமுறுத்துவார்களா? கண்பள்ளம் நிரம்பியது. பயமில்லாத கண்.

எதற்காக இந்தத் தியாகம் எல்லாம்? ஒரு கன்றிப்போன நீலத்துக்காக. ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி குத்திய இடத்தில் நீலம் பாய்வது கூடுதலாகத்தான் இருக்கும். சிலருக்கு உருண்டையாகக் கட்டிக்கொள்வதும் உண்டு. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, ஒரு வாரத்தில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் போய்விடும். மறைக்கவே முடியாததும் இல்லை, மேக்கப்காரி எதற்கு இருக்கிறாள்? பக்கவாதமோ வாயை ஒரு பக்கம் கோணவைக்கும், கன்னத்தை ஒரு பக்கம் தொங்கவிடும். இரண்டு கன்னத்தையும் ஒரே உயரத்தில் நிறுத்தக் காசு வாங்கியவர்கள், அதில் ஒன்று இறங்கிப்போகும் வாய்ப்பை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில்கூட இப்படி ஒரு கை தாராளத்தைப் பார்க்க முடியாது.

இவ்வளவு தாராளமானவர்கள் தங்கள் தொழிலின் பெரிய ஆபத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. தற்பெருமை பிடிக்காது போலிருக்கிறது. ஃபில்லரில் நிஜமாகப் பயப்பட வேண்டியது ரத்தம் கசிவது அல்ல, ரத்தம் ஓடாமல் போவது. ஊசி முனை தெரியாமல் ஒரு தமனிக்குள் இறங்கிப் பசையைத் தள்ளிவிட்டால், அந்தத் தமனி ஊட்டும் தோல் வெளுத்து, வலித்து, கருகும். மூக்கு, புருவ நடு, நெற்றி ஆகிய இடங்களில் உள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. அழுத்தித் தள்ளிய பசை பின்னோக்கிப் போய் விழித்திரைத் தமனியை அடைத்தால் சில நொடியில் பார்வை போகும், பெரும்பாலும் திரும்பாது. இப்படிப் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் என்று 2018 வரை உலக மருத்துவ இதழ்களில் 146 பேரைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இதழுக்கு எழுதாமல் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

புருவ நடு என்றதும் நம் வர்ம ஆசான்மார் நினைவுக்கு வராமல் இருப்பார்களா? 108 வர்மங்களில் படுவர்மம் 12; அதில் ஒன்று அங்கே இருக்கும் திலர்த காலம். அந்த இடத்தைச் சீடனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசான் வருஷக்கணக்கில் அவனைத் தண்ணீர் சுமக்க வைத்தார். அவருடைய வர்மக் கணக்கும் இன்றைய தமனிப் படமும் ஒன்றல்லதான். ஆனால் அங்கே கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் பேதமில்லை. நம் ஊசிக்காரர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பயிற்சியை முடித்து, சான்றிதழைச் சுவரில் மாட்டி, திங்கட்கிழமை புருவ நடுவுக்கு வந்துவிட்டார். ஆசானுக்கு வேகம் போதாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த அடைப்பில் இருப்பது ரத்தக் கட்டி இல்லை, பசை. அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தாலும் அது இந்த அடைப்பைத் தடுத்திருக்காது. பசையைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது. உடனே, தாராளமாக ஏற்ற வேண்டும். அதற்கு அது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அழகு பிடிக்காவிட்டாலும் அதே மருந்தால்தான் கரைப்பார்கள். 2025 ஜூலையில் மும்பை நடிகை உர்ஃபி ஜாவேத் தன் உதட்டு ஃபில்லரைக் கரைத்து, பூசணியாக வீங்கிய முகத்தை மறைக்காமல் காணொளியில் காட்டினாரே, அதுதான். நம் ஊசிக்காரரின் ஃபிரிட்ஜில் அது இல்லை. எதிர்மருந்தை வாங்கி வைத்தால் தன் கைமேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா? ஃபிரிட்ஜில் ரோஸ்மில்க் இருக்கிறது, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கொள்ளாம், நல்ல உபசாரம்.

இந்தப் புகழ்ச்சி எதற்கும் தகுதியில்லாத ஒரு கூட்டமும் மாவட்டத்தில் உண்டு, அவர்களையும் சொல்லிவிட வேண்டும். முறையாகத் தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்துவிட்டு வந்தவர்கள். போனதும் முகத்தைப் பார்க்காமல் மருந்துச் சீட்டைக் கேட்பார்கள். பூண்டு லேகியம் உண்டா, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை உண்டா என்று துருவுவார்கள். அந்த வாரத்து ஐ.என்.ஆர். இல்லாமல் ஊசியைத் தொடமாட்டார்கள். இதய டாக்டருக்குத் தாங்களே போன் போட்டு, அவர் மலையாளத்தில் திட்டுவதையும் பொறுமையாகக் கேட்பார்கள். "மாத்திரைய ஒரு வேளகூட விடப்பிடாது, நீலம் வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்பார்கள். ஸ்டென்ட் வைத்து வருஷம் ஆகவில்லை என்றால், "இப்ப என்ன அவசரம் அண்ணாச்சி?" என்று திருப்பி அனுப்புவார்கள். செய்வதாக இருந்தாலும் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் வரச் சொல்வார்கள். மழுங்கிய முனையுள்ள குழலை எடுத்து முடிந்தவரை குறைவாகக் குத்துவார்கள். குத்திய இடத்தை நிமிஷக்கணக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். பார்வை மங்கினாலோ தோல் வெளுத்து வலித்தாலோ நடுராத்திரி என்றாலும் கூப்பிடு என்று சொந்த நம்பரை எழுதிக் கொடுப்பார்கள். சிலர் இன்னும் மோசம்: "ஒங்க முகத்துக்கு என்ன கொறச்சல்மா?" என்று கேட்டு, வந்த வருமானத்தை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

எவரெஸ்ட் உச்சியை நெருங்கிவிட்டு வந்த டாக்டர் சாமர்வெல், லண்டனில் வரவிருந்த பெயரையும் பணத்தையும் விட்டுவிட்டு, நெய்யூரில் உட்கார்ந்து ஏழை எளியவர்களின் வயிற்றுப் புண்ணை அறுத்துக்கொண்டிருந்தார். பிழைக்கத் தெரியாத அந்தப் பரம்பரை இன்னும் அற்றுப்போகவில்லை என்பது தெரிகிறது. இவர்கள் வாசலில் ஃபிளக்ஸ் இல்லை, ரோஸ்மில்க் இல்லை, பெரிய கூட்டமும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் போனால்கூட டோக்கன் இல்லாமல் பார்த்துவிடலாம். வீட்டில் இருக்கும் மருந்துச் சீட்டையெல்லாம் மறக்காமல் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போங்கள், கேட்டே தொலைப்பார்கள்.